பிள்ளைகள் உள்ள வீட்டில் பேட்டரிக் குப்பையைக் குறைக்க

பிள்ளைகள் பிறக்கும்வரை வீட்டில் செல் என்றால் டிவி ரிமோட்டுக்கு இரண்டு, சுவர்க் கடிகாரத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் பாட்டுப் பாடும் யானை, நடந்தால் மின்னும் செருப்பு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், ரிமோட் கார் என்று வரிசை கட்டி வந்துவிடும். தீரத் தீர வாங்கிப் போடுகிறோம், தீர்ந்தது குப்பைக் கூடைக்குப் போகிறது. இதைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். தீர்ந்த செல்லை யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை செல் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே இருக்கிறது.

வீட்டில் எத்தனை செல் இருக்கிறது?

பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். செல் போடும் பொருள் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். என்ன செல், எத்தனை, எவ்வளவு நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள், இந்த மூன்றும் போதும்.

பென்சில் செல் என்று நாம் சொல்வது டபுள் ஏ. அதைவிட ஒல்லியாக ரிமோட்டில் இருப்பது ட்ரிபிள் ஏ. காசு போல வட்டமாக, தட்டையாக இருப்பவை பட்டன் செல்கள். அவற்றின் மேல் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் உள்ள 3 வோல்ட் லித்தியம் செல். எல்ஆர்44 என்பது சட்டைப் பொத்தான் அளவிலான 1.5 வோல்ட் அல்கலைன் செல். இதையே ஏஜி13 என்றும் போட்டிருப்பார்கள். இந்தக் குறியீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது உதவும், ஆபத்து நேரத்தில் இன்னும் அதிகமாக உதவும்.

எழுதி முடித்ததும் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, மாதாமாதம் செல் தின்னும் பொருள்கள் இரண்டு மூன்றுதான். இரண்டு, யாரும் தொடாத பொம்மைகளுக்குள் செல் கிடந்து கசிந்துகொண்டிருக்கும். விளையாடாத பொம்மையின் செல்லை அப்போதே கழற்றிவிடுங்கள். அதில் பாதியாவது இன்னும் உயிரோடு இருக்கும்.

பட்டன் செல்லை அன்றைக்கே பாருங்கள்

குப்பையைக் குறைக்கும் பேச்சில் இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று தோன்றலாம். தீர்ந்துவிட்டது என்று மேஜை மேல் போட்டுவைக்கும் செல்தான் தவழும் பிள்ளையின் வாய்க்குப் போகிறது.

பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான சதை வழியாக மின்சாரம் ஓடும். செல்லின் நெகட்டிவ் பக்கத்தில் கடுமையான காரம் (அமிலத்துக்கு எதிரான ரசாயனம்) உருவாகி சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் வந்துவிடலாம். செல் உடைய வேண்டாம், கசியவும் வேண்டாம். பொம்மையை ஓட்ட வலுவில்லாத லித்தியம் செல்லில்கூட இதற்குத் தேவையான மின்சாரம் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ளவை மிக ஆபத்தானவை. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்ளும் அளவு அது.

எனவே கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு வாங்கிய எல்இடி அகல் விளக்கு எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். செல் அறையின் மூடி ஸ்க்ரூ இல்லாமல் நகத்தாலேயே திறந்தால், அதன் மேல் நல்ல டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் அகல் விளக்குகளின் அடிமூடி பெரும்பாலும் லேசாகத் திருகினாலே வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணெய் விளக்கை உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்கும் நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. வீட்டில் தேன் இல்லை என்றால் தேடிக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. மருத்துவமனையில் "காசு விழுங்கிட்டான்" என்று பொதுவாகச் சொல்லாமல் "பட்டன் செல்லா இருக்கலாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், உற்றுப் பார்த்தால்தான் செல்லின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

எந்தப் பொருளுக்கு எந்த செல்

பெட்டிக்கடையில் செல் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் துத்தநாக-கார்பன் செல். விலை குறைவு. இதன் துத்தநாகக் கூடுதான் நெகட்டிவ் முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடே கரையும். தீர்ந்த பிறகு உள்ளேயே விட்டால் கசிவது அதனால்தான். அல்கலைன் செல் விலை கூடுதல். ஆனால் மோட்டார் ஓடும் பொம்மையில் பல மடங்கு நேரம் தாங்கும். எது எது என்று தெரியாவிட்டால் செல் மேலுள்ள குறியீட்டைப் பாருங்கள். பென்சில் செல்லில் ஆர்6 என்று இருந்தால் துத்தநாக-கார்பன், எல்ஆர்6 என்றால் அல்கலைன், எச்ஆர்6 என்றால் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு.

சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். அவற்றுக்குச் சார்ஜ் செல் வாங்குவது வீண் செலவு, சாதாரண செல்லே ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஓடும். ரிமோட் கார், ரயில், நடக்கும் நாய், விடாமல் பாடும் பொம்மை, இவைதான் சார்ஜ் செல்லுக்கு உரியவை. ஒரு காருக்கு வாரம் இரண்டு செல் போனால் வருடத்துக்கு 104 செல். அந்த ஒரு காரைச் சார்ஜ் செல்லுக்கு மாற்றினாலே உங்கள் நோட்டுக் கணக்கில் பெரிய ஓட்டை அடைபட்டுவிடும்.

தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி நாலு பென்சில் செல் கேட்கும். பல மாடல்களில் அடாப்டர் செருகும் துளை ஒன்று பக்கவாட்டில் இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. கருவியோடு வந்த புத்தகத்தில் சொன்ன அடாப்டரையே வாங்கிப் போட்டால் அந்த நாலு செல்லும் மிச்சம்.

சார்ஜ் செல்: வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாலு செல்லும் சார்ஜரும் சேர்ந்து மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சார்ஜர் பல சமயம் செல் நிறைந்ததைக் கண்டுகொள்ளாமல் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். செல் சூடாகிச் சூடாகிச் சில மாதத்தில் வீணாகிவிடும். "சார்ஜ் செல் எல்லாம் சும்மா" என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் செல் அல்ல, சார்ஜர். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜராகக் கேளுங்கள். நாலு குழிக்கு நாலு விளக்கு தனித்தனியாக எரிந்தால் பெரும்பாலும் அது அந்த வகை.

செல்லில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2700, 2800 மில்லி ஆம்பியர் மணி (செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு) என்று போட்டவற்றைவிட 2000 அளவில் உள்ள, சும்மா இருக்கும்போது சார்ஜ் இறங்காத வகைதான் குடும்பத்துக்கு ஏற்றது. பொட்டலத்தில் 'ரெடி டு யூஸ்' அல்லது 'ப்ரீ சார்ஜ்டு' என்று இருக்கும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த செல்கள் அலமாரியில் சில வாரம் இருந்தாலே காலியாகிவிடும். இவை ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜ் மிச்சம் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல நூறு முறை சார்ஜ் செய்யலாம்.

இந்த செல்கள் 1.2 வோல்ட். சாதாரண செல் 1.5. இதனால் பொம்மை ஓடாதோ என்ற பயம் வேண்டாம். சாதாரண செல்லும் பொம்மை ஓட ஓட மெல்ல மெல்ல 1.2-க்கு இறங்கிவிடுகிறது. அபூர்வமாகச் சில கருவிகள் மட்டும் 'செல் தீர்ந்தது' என்று பொய் சொல்லும்.

பழக்கத்துக்குக் கொண்டுவர: முதலில் எட்டு செல் வாங்குங்கள். நாலு பொம்மையில், நாலு சார்ஜ் ஆகித் தயாராக. மார்க்கர் பேனாவால் அ1, அ2, ஆ1, ஆ2 என்று ஜோடி ஜோடியாகக் குறியிட்டு, ஒரு ஜோடியை எப்போதும் ஒன்றாகவே போடுங்கள், ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். பொம்மை வேகம் குறைந்ததுமே கழற்றிவிடுங்கள். ஸ்விட்ச்சை அணைக்காமல் ராத்திரி முழுக்க விட்டால், வரிசையில் பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்ற செல்கள் தள்ளுவதில் அதன் பிளஸ் மைனஸ் தலைகீழாகிக் கெட்டுவிடும். சார்ஜரை மெத்தை மேலோ பிள்ளை எட்டும் பிளக்கிலோ வைக்க வேண்டாம். செல் வெதுவெதுப்பாக இருப்பது சகஜம், கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

இருக்கும் செல்லைக் கடைசிவரை

காரை ஓட்ட முடியாத அல்கலைன் செல் கடிகாரத்தை மாதக்கணக்கில் ஓட்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கடிகாரத்துக்குப் புது செல் வாங்குவதே இல்லை. வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். புது செல் 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 1.3-ஐ ஒட்டி இருந்தால் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடலாம். 1.1-க்குக் கீழே போனால் அதன் வேலை முடிந்தது. (இந்தக் கணக்கு சார்ஜ் செல்லுக்குப் பொருந்தாது.) மூன்று செல் போட்ட பொம்மை நின்றுவிட்டால் மூன்றையும் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள், கெட்டது ஒன்றாகக்கூட இருக்கும்.

பழைய செல்லையும் புது செல்லையும் ஒரே பொருளில் கலக்காதீர்கள். துத்தநாகத்தையும் அல்கலைனையும் கலப்பதும் கூடாது. வலுவான செல்கள் பலவீனமானதைத் தலைகீழாகத் தள்ளும், உள்ளே வாயு சேரும், கசியும். ஒரு செல்லை மிச்சம் பிடிக்கப் போய்ப் பொம்மையையே இழக்க வேண்டியிருக்கும்.

வெயிலில் காய வைப்பது, பல்லால் கடித்து நசுக்குவது, கல்லில் தட்டுவது எல்லாம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. டார்ச் லைட் கொஞ்ச நேரம் எரியும் என்பது உண்மைதான். சூட்டில் உள்ளே ரசாயன வேலை சற்று வேகமாகும். ஆனால் ஏற்கெனவே மெலிந்துபோன கூடு அதில் பொத்துக்கொள்ளும். பிள்ளைகள் பார்த்துவிட்டுத் தாங்களும் செல்லை வாயில் வைப்பார்கள் என்பதால் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

செல் தீரவில்லை, பொம்மையின் ஸ்பிரிங்தான் துருப்பிடித்திருக்கிறது என்பதும் அடிக்கடி நடக்கும். அல்கலைன் செல் கசிந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அது காரம். கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டுத் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பொம்மை வாங்கும்போது

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் ஓடும் பொம்மைக்கான தரம் ஐஎஸ் 15644. கடையில் பொம்மையைத் திருப்பி முத்திரை இருக்கிறதா, செல் அறைக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். திருவிழாக் கடையில் விற்கும் மின்னும் பம்பரம், விளக்கு எரியும் கொம்பு, வெளிச்சச் செருப்பு ஆகியவற்றில் பல செல் மாற்றவே முடியாதபடி ஒட்டப்பட்டவை. சில நாள் எரிந்து முடிந்ததும் பொம்மை, செல், ஒயர் எல்லாம் சேர்ந்து ஒரே குப்பை.

யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் பொம்மை நல்லதா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியை மாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அந்த பேட்டரி போகிற அன்றைக்குப் பொம்மையும் போகும். அதற்குப் பதில் பென்சில் செல்லில் ஓடும் பொம்மையை வாங்கி, மேலே சொன்ன சார்ஜ் செல்லைப் போடுவதே மேல்.

வீட்டுக்குள் வரும் பொம்மைகளில் பாதி நாம் வாங்கியவை அல்ல. ஊரிலிருந்து வரும்போதும் பிறந்தநாளுக்கும் அத்தையும் மாமாவும் அன்பாகக் கொண்டுவருபவை. "அத்தை, இந்தத் தடவை பேட்டரி இல்லாத பொம்மையா வாங்கிட்டு வாங்க, இவன் ஒரே நாள்ல செல்லைத் தீர்த்துடுறான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெறுமனே 'வேண்டாம்' என்றால்தான் வருத்தம். மரச் சொப்பு, நடைவண்டி, பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் கார், கையால் சுற்றி எரியவைக்கும் டார்ச் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ரிட்டர்ன் கிஃப்ட் நீங்கள் கொடுக்கும் முறை வரும்போது மின்னும் மோதிரத்தைத் தவிர்த்தால் நாற்பது வீட்டுக்கு நாற்பது பட்டன் செல் போவது நிற்கும்.

வந்தே தீர்ந்த பாட்டுப் பொம்மைக்கு ஒரு வழி: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிடலாம். செல்லும் மிச்சம், காதும் மிச்சம். நாலு வயதுப் பிள்ளைக்கு விளையாடி முடித்ததும் ஸ்விட்ச்சை அணைக்கப் பழக்கலாம். செல் மாற்றும் வேலை மட்டும் பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும்.

தீர்ந்த பிறகு

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, பிள்ளைக்கு எட்டாத, வெயில் படாத, அடுப்புக்கு அருகில் இல்லாத அலமாரியில் வையுங்கள். தகர டப்பா வேண்டாம், முனைகள் உரசிச் சூடாகும். பட்டன் செல்லைக் கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். 9 வோல்ட் சதுர செல்லுக்கு இரண்டு முனையும் மேலேயே இருப்பதால் அதற்கும் டேப் அவசியம். உப்பிப்போன போன் பேட்டரியை இந்த டப்பாவில் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். மணல் போட்ட மண்சட்டியில் தனியாக வைத்து, சீக்கிரம் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள்.

2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்களின் பொறுப்பு. கார் பேட்டரி முதல் பட்டன் செல் வரை எல்லா வகைக்கும் இது பொருந்தும். அவற்றைக் குப்பை மேட்டில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. செல் மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பது இதைச் சொல்லத்தான். நம் பங்கு, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது.

நடைமுறை ஊருக்கு ஊர் மாறும். வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் தனிப் பொட்டலமாக, "இது செல், தனியா வைங்க" என்று சொல்லிக் கொடுங்கள். நகராட்சியிலோ கார்ப்பரேஷன் வார்டு அலுவலகத்திலோ வீட்டு அபாயக் கழிவு எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் சிலவற்றில் வாங்கிக்கொள்ளும் பெட்டி இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் எல்லா வீட்டிலும் சேர்த்துச் சங்கத்தின் மூலம் கொடுப்பது எளிது. ஒரு கைப்பிடி செல்லுக்காக மறுசுழற்சிக்காரர் வரமாட்டார், ஒரு மூட்டைக்கு வருவார். ஆனால் மூட்டை சேரட்டும் என்று வருடக்கணக்கில் வீட்டில் குவிக்க வேண்டாம்.

கொசு பேட், எமர்ஜென்சி லைட், இன்வெர்ட்டர் மூன்றும் வேறு ரகம். பழைய எமர்ஜென்சி லைட்டிலும் பல கொசு பேட்களிலும் இருப்பது சின்ன ஈய பேட்டரி. அட்டையில் சொன்ன நேரத்துக்கு மேல் ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடுவதாலும், காலியான நிலையிலேயே மாதக்கணக்கில் பரணில் போடுவதாலும்தான் அவை சீக்கிரம் சாகின்றன. பேட்டரி மட்டும் போயிருந்தால் டிவி ரிப்பேர் செய்பவரே மாற்றித் தருவார். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே உடைத்து அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. பழைய ஈய பேட்டரியை விற்பனையாளர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற விதி 2001-லேயே வந்துவிட்டது, எக்ஸ்சேஞ்ச் விலை தருவதும் கடைகளில் வழக்கம்தான். புதியது வாங்கும்போது பழையதற்கான தொகையைப் பில்லில் கழித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.